ஹாலோவீன் விருந்துக்குப் பேய்ப் பலகாரங்கள்: பார்த்தால் பயப்பட வேண்டும், ஆனால் தட்டு காலியாக வேண்டும்

ஸ்கார்பரோ அம்மா | 9 அக்டோபர் 2025, இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதம் 25ஆம் தேதி, சனிக்கிழமை, எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் ஹாலோவீன் விருந்து வைக்கிறோம். 14 பிள்ளைகள் வருகிறார்கள். மிகச் சிறியவளுக்கு 5 வயது, மூத்தவனுக்கு 11.

போன வருடம் அக்டோபர் 31இலேயே தீபாவளியும் வந்துவிட்டதால் விருந்து வைக்கவில்லை. பட்டுப் பாவாடைக்கு மேல் சூனியக்காரித் தொப்பி போட்டுக்கொண்டு என் மகள் தெரு முழுக்க மிட்டாய் வாங்கி வந்தாள். அதற்கு முந்தைய வருடம் கடையில் ஒரு கறுப்புக் கேக் வாங்கினேன். மேலே வௌவால், சிலந்தி எல்லாம் அழகாக இருந்தன. வெட்டிக் கொடுத்தபோது ஒரு வாய்க்கு மேல் எந்தப் பிள்ளையும் தொடவில்லை. ஒரே கசப்பு. பல்லும் உதடும் கையும் கறுத்துப் போயின. முக்கால்வாசி குப்பைக்குப் போனது. சாப்பாட்டைக் கொட்டும்போது வந்த அந்த மனக்கஷ்டம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த முறை எல்லாவற்றையும் நானே செய்யப் போகிறேன். ஆனால் சிக்கல்கள் உண்டு. ஒரு பிள்ளைக்குக் கச்சானும் (வேர்க்கடலை) முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளும் ஆகாது. ஊசி மருந்து எப்போதும் அவளுடைய பையில் இருக்கும். எந்த விருந்துக்குப் போனாலும் தன் சாப்பாட்டைத் தனிப் பெட்டியில் கொண்டுவருவாள். 25ஆம் தேதி கந்தசஷ்டிக்குள் வருகிறது. இரண்டு குடும்பங்களில் அந்த ஆறு நாளும் பிள்ளைகளுக்குக்கூட முட்டை கிடையாது. இன்னொரு குடும்பம் முஸ்லிம்கள், விலங்குத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டின் கலந்த மிட்டாய் சாப்பிடுவதில்லை.

ஒரு பிள்ளையும் "எனக்கு இது கூடாதா?" என்று கேட்காதபடி ஒரு மேசை வைக்க முடியுமா? எனக்குக் கேக் செய்யத் தெரியும். அலங்கார வேலை அதிகம் பழக்கமில்லை.

மாவும் நானும் | 10 அக்டோபர், காலை 6.15

முடியும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வகை செய்ய ஆசைப்படாதீர்கள். மூன்று போதும், அந்த மூன்றும் அருமையாக இருக்க வேண்டும். ஒவ்வோர் அக்டோபரிலும் என் சமையலறையில் இதுதான் சட்டம். பேய் உருவம் என்பதற்காக ருசியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெறும் உருண்டையாகச் செய்து வைத்தாலும் விரும்பித் தின்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் மட்டும் அதற்குக் கண்ணும் நகமும் வையுங்கள்.

முதல் வகை, சூனியக்காரி விரல். முட்டை வேண்டாம். 225 கிராம் வெண்ணெய், 110 கிராம் ஐசிங் சர்க்கரை, 300 கிராம் மைதா, 30 கிராம் சோள மாவு, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி வெனிலா. பேக்கிங் பவுடர் சேர்க்கவே சேர்க்காதீர்கள், விரல் உப்பிவிடும். வெண்ணெய் உருகியிருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மாவைப் போட்டுக் கைபடாமல் கரண்டியால் சேர்த்து, ஒன்றுகூடியதும் நிறுத்திவிடுங்கள். நம் ஊர் பேக்கரி நெய் பிஸ்கட் வாயில் கரையுமே, அந்தப் பதம்தான் இதற்கும்.

இனி விரல். எல்லோரும் தங்கள் விரல் பருமனுக்கு உருட்டி ஏமாந்துபோவார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் சுண்டுவிரல் பருமனுக்கு உருட்டுங்கள். சூட்டில் அது பெரியவர் விரலாகிவிடும். இரண்டு மூட்டுகள் வருமிடத்தில் லேசாகப் புடைப்பு விட்டு, இடைப்பட்ட பகுதியை விரல்களால் கிள்ளி ஒடுக்குங்கள். பிறகு கத்தியின் முதுகால் ஒவ்வொரு மூட்டிலும் நெருக்கமாக மூன்று கீறல். நடுக் கீறல் ஆழமாக, பக்கத்துக் கீறல்கள் மேலோட்டமாக இருக்கட்டும். உங்கள் விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும்.

நகத்துக்கு எல்லோரும் பாதாம் வைப்பார்கள். நீங்கள் பூசணி விதை வையுங்கள். தோல் நீக்கிய பச்சை விதை. பாதாமைவிட அந்தப் பச்சை நிறம் நூறு மடங்கு பயங்கரமாக இருக்கும். ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். கொட்டைகள் கையாளும் ஆலையில் தயாரானது என்று எழுதியிருந்தால் வாங்கவே வேண்டாம்.

தட்டோடு அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, 165 டிகிரி செல்சியஸில், அதாவது 325 ஃபாரன்ஹீட்டில், 20 முதல் 22 நிமிடம். அடிப்பக்கம் லேசாகப் பொன்னிறமானால் போதும், மேலே சிவக்கக் கூடாது. ஆறியதும் நகத்தைத் தூக்கி அடியில் ஒரு சொட்டு ராஸ்பெர்ரி ஜாம் வைத்து மறுபடி அழுத்துங்கள். ஓரங்களில் ஜாம் கசியும்.

எடிசன்வாசி | 10 அக்டோபர், காலை 8.30

அக்கா, அந்த மூன்று கீறல் குறிப்புக்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் கேட்க வந்தது வெள்ளைப் பேய்களைப் பற்றி. முட்டை வெள்ளையை அடித்துச் செய்யும் மெரிங்கு. சென்ற ஆண்டு இரண்டு முறை செய்தேன். முதல் முறை நுரையே எழவில்லை. இரண்டாம் முறை அழகாக வந்தது, மறுநாள் காலையில் பார்த்தால் அத்தனையும் வியர்த்து, அடியில் பாகு தேங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் மழை. எங்கே தவறு?

கோவை அடுமனை | 10 அக்டோபர், இரவு 9.05

தம்பி, முதல் தவறு கிண்ணத்தில். பிளாஸ்டிக் கிண்ணமா? அதில் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பசை போகாது. எஃகு அல்லது கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து, எலுமிச்சைத் துண்டால் உட்புறம் முழுக்கத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் நுரை சரியாக எழாது.

இரண்டாம் தவறு மழை. சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஓவனை அணைத்த உடனே தட்டை வெளியே எடுத்திருப்பீர்கள். ஒரு வெள்ளைக் கருவுக்கு 55 கிராம் சர்க்கரை. ஒவ்வொரு கரண்டியாகப் போட வேண்டும். நுரையை இரு விரலில் தேய்த்தால் குருணை தட்டக் கூடாது. 95 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பிறகு அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் இரவு முழுதும் உள்ளேயே விட்டுவிடுங்கள். காலையில் எடுத்த கையோடு காற்றுப் புகாத டின்னில் அடைக்க வேண்டும்.

இந்த வேலையில் நமக்கு நீண்ட பழக்கம் உண்டு. தூத்துக்குடி மக்ரூனை நினைத்துப் பாருங்கள். முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரித் தூள், மிதமான சூடு, நீண்ட நேரம். கையில் சுற்றி இழுத்துவிடும் அந்தக் கூம்பு நுனி இருக்கிறதே, அதுதான் அசல் பேய் உருவம். அந்தக் கூம்பின் வயிற்றில் உருக்கிய சாக்லேட்டால் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வைத்தால் வேலை முடிந்தது. வாய் நீள்வட்டமாக, திறந்தபடி இருக்க வேண்டும்.

ஸ்கார்பரோ அம்மாவுக்கு முந்திரியும் கூடாது, முட்டையும் கூடாது. அவருக்கு வழி கொண்டைக்கடலைத் தண்ணீர். டின்னில் வரும் உப்புச் சேர்க்காத கொண்டைக்கடலையின் கொழகொழப்பான நீர். 2014இல் ழோயல் ரோசல் என்ற பிரெஞ்சுப் பாடகர், பருப்பு வகைகளின் நீர் முட்டை வெள்ளையைப் போல நுரைப்பதைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டு கூஸ் வோல்ட் என்ற அமெரிக்கர் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார். இரண்டு மேசைக்கரண்டி நீர் ஒரு வெள்ளைக் கருவுக்குச் சமம். தண்ணீராக ஓடினால் அடுப்பில் வைத்து மூன்றில் ஒரு பங்கு சுண்ட விட்டு, நன்றாகக் குளிரவைத்து அடியுங்கள். நுரை கலையாமல் நிற்க, கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புத் தூள் கால் தேக்கரண்டி சேருங்கள். முட்டையைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். 10, 15 நிமிடம் பொறுமையாக அடித்தால் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது. வாயில் கடலை வாசம் துளியும் இருக்காது. என் கடையில் சைவர்களுக்கு இப்படித்தான் செய்துகொடுக்கிறேன்.

நெல்லைச் சீமை | 11 அக்டோபர், காலை 7.20

இந்தக் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். வருத்தத்தோடு எழுதுகிறேன். குழந்தைகள் சாப்பிடும் பொருளை வெட்டிய விரல் மாதிரியும் பேய் மாதிரியும் ஏன் செய்ய வேண்டும்? வீட்டில் நல்ல நாளில் அமங்கலமான பேச்சுகூடக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். சஷ்டி விரதம் நடக்கும் வாரத்தில் ரத்தம் வடியும் விரலா? ஊர் வழக்கத்துக்காக எல்லாவற்றையும் செய்துவிட வேண்டுமா? தவறாக எண்ண வேண்டாம், மனத்தில் பட்டதைச் சொன்னேன்.

தேம்ஸ் கரை | 11 அக்டோபர், மாலை 4.50

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் இந்த நாளின் வேர் அமங்கலத்தில் இல்லை. நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாள். அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன், பெயரின் பொருளே அதுதான். நவம்பர் 2 இறந்தவர்களுக்கான நாள். இங்கிலாந்தில் அந்நாட்களில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடுவீடாகப் போய், அந்தந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். வீட்டுக்காரர்கள் மசாலாவும் உலர்திராட்சையும் சேர்த்த சிறிய வட்டப் பணியாரம் ஒன்று கொடுப்பார்கள். ஆன்மாப் பணியாரம் என்று சொல்லலாம். மேலே சிலுவை கீறியிருப்பார்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறியபோது அங்கே கிடைத்த பூசணிக்கு அந்த வழக்கம் மாறியது. மெக்சிகோவில் இதே நாட்களில் எலும்பு வடிவத்தில் மாவை உருட்டி மேலே ஒட்டிய இனிப்பு ரொட்டி சுட்டு, இறந்தவர்களுக்குப் படைக்கிறார்கள்.

என் அம்மாவின் ஊரில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவோம். அமாவாசையில் முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பதும் எனக்கு இதன் உறவாகவே தெரிகிறது. செத்துப்போனவர்களை நினைத்து ஒரு பலகாரம் செய்து பிள்ளைகள் கையில் கொடுப்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

லிஃபி ஓரம் | 11 அக்டோபர், இரவு 11.10

டப்ளினிலிருந்து எழுதுகிறேன். அக்டோபர் பிறந்தால் இங்கே ஒவ்வொரு கடையிலும் பார்ம்பிராக் வந்துவிடும். உலர்பழங்கள் நிறைந்த ரொட்டி. உள்ளே ஒரு மோதிரம் ஒளித்திருக்கும். யாருடைய துண்டில் வருகிறதோ அவருக்கு ஆண்டுக்குள் கல்யாணம் என்பது நம்பிக்கை. பழைய நாளில் காசு வந்தால் செல்வம், துணித்துண்டு வந்தால் வறுமை என்றும் சொல்வார்கள்.

செய்முறை மிக எளிது. 350 கிராம் உலர்திராட்சை வகைகளை 300 மில்லி கடுந்தேநீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். பால் சேர்க்காத தேநீர். காலையில் பழம் அத்தனையும் உப்பி, பாத்திரத்தைத் திறந்தால் தேயிலையும் திராட்சையும் கலந்த ஒரு வாசம் எழும். எனக்கு அதுதான் இலையுதிர்காலம். 125 கிராம் பழுப்புச் சர்க்கரை, 225 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்தது), பட்டை, ஜாதிக்காய், ஒரு முட்டை. முட்டைக்குப் பதில் மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர் போட்டும் நன்றாகவே வந்தது. 170 டிகிரியில் ஒரு மணி நேரம். ஆறிய பின் வெண்ணெய் தடவிச் சாப்பிட வேண்டும்.

ஐந்து வயதுக் குழந்தை இருக்கும் இடத்தில் மோதிரம், காசு எதையும் உள்ளே வைக்காதீர்கள். ஒரே ஒரு முழுப் பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி ஒளித்துவையுங்கள். அது யாருக்கு வருகிறதோ அவருக்குப் பரிசு.

நெல்லைச் சீமை | 12 அக்டோபர், காலை 6.40

தேம்ஸ் கரை, விளக்கியதற்கு நன்றி. ஆன்மாப் பணியாரம் பற்றி எனக்குத் தெரியாது. என் வீட்டில் விரல் செய்ய மாட்டேன், அது என் மனம். ஆனால் அந்தத் தேநீர் ரொட்டியை இந்த வாரமே செய்யப் போகிறேன். பேரீச்சம்பழத்தோடு.

எடிசன்வாசி | 12 அக்டோபர், பிற்பகல் 1.15

இன்னொரு விபத்தையும் சொல்கிறேன். செயற்கை நிறம் வேண்டாம் என்று பூசணிக் கூழோடு மஞ்சள்தூள் போட்டு ஆரஞ்சு கப்கேக் செய்தேன். மாவாக இருந்தபோதே நிறம் ஒரு மாதிரியானது. வெந்து வந்தபோது உள்ளே அங்கங்கே செங்காவித் திட்டுகள். மகன் பார்த்துவிட்டுத் தொடவே மறுத்துவிட்டான். மஞ்சள் கெட்டுப்போனதா?

சோதனைக்குழாய் | 12 அக்டோபர், மாலை 6.00

வேதியியல் ஆசிரியை என்பதால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. மஞ்சள் கெடவில்லை. ஆரத்தி எப்படிக் கரைப்போம்? மஞ்சள் நீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு. உடனே சிவந்துவிடும். மஞ்சளிலுள்ள குர்க்குமின், சுண்ணாம்பு போன்ற காரத்தைக் கண்டால் சிவக்கும், புளிப்பில் மஞ்சளாகவே இருக்கும். உங்கள் கேக்கில் சுண்ணாம்பின் வேலையைச் சமையல் சோடா செய்திருக்கிறது. சோடா சரியாகக் கலக்காத இடமெல்லாம் திட்டாகியிருக்கும். சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் போடுங்கள், மாவில் ஒரு கரண்டி புளித்த தயிர் சேருங்கள். நிறம் நிற்கும்.

மற்ற நிறங்களையும் சொல்லிவிடுகிறேன். பீட்ரூட் சூட்டில் பழுப்பாகிவிடும். அதைக் கேக்கில் போடாமல் மேலே தடவும் ஐசிங்கில் எலுமிச்சைச் சாற்றோடு சேருங்கள். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம், சில துளி எலுமிச்சை விட்டால் ஊதா. பிள்ளைகள் கண்முன்னே விட்டுக் காட்டினால் சூனியக்காரியின் மந்திரம்தான்.

கறுப்புதான் உண்மையான சவால். ஸ்கார்பரோ அம்மா வாங்கிய கேக் கசந்ததற்கு வெள்ளை ஐசிங்கில் அளவுக்கு மீறிக் கறுப்பு நிறமி கொட்டியது காரணமாக இருக்கலாம். சாக்லேட் ஐசிங்கில் தொடங்குங்கள். அது ஏற்கெனவே பாதி இருட்டு. கறுப்புக் கோக்கோ என்று தனியாகவே விற்கிறது, வழக்கமான கோக்கோவில் கால் பங்கை அதால் மாற்றுங்கள். துளியளவு நிறமி போட்டு இரவு முழுதும் வையுங்கள், காலையில் நிறம் தானாகவே ஆழ்ந்திருக்கும். மேசை முழுவதும் கறுப்பாக வேண்டியதும் இல்லை. சாக்லேட் கேக்கின் மேல் உருக்கிய சாக்லேட்டும் கிரீமும் சம அளவில் கலந்து ஊற்றி, காய்வதற்குள் வெள்ளைச் சாக்லேட்டால் வட்டத்துக்குள் வட்டம் போட்டு, பல்குத்தும் குச்சியால் நடுவிலிருந்து வெளியே எட்டுக் கோடு இழுத்தால் சிலந்தி வலை.

கரித்தூள் வேண்டவே வேண்டாம். விஷம் குடித்தவர்களுக்கு மருத்துவமனையில் கொடுப்பது அது. குழந்தை ஏதாவது மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அந்த மருந்தையும் உறிஞ்சிவிடும்.

கடையில் சிவப்பு வாங்குபவர்கள் கவனத்துக்கு: சிவப்பு எண் 3 நிறமிக்கான அனுமதியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம் இருப்பதால் கடைகளில் இன்னும் இருக்கும்.

ஸ்கார்பரோ அம்மா | 12 அக்டோபர், இரவு 10.20

கண்ணில் நீர் வருகிறது, இத்தனை பேர் இவ்வளவு நேரம் செலவழித்து எழுதுகிறீர்கள். விரல், வெள்ளைப் பேய், சிலந்தி வலைக் கேக். மூன்று முடிவாகிவிட்டது. வலைக் கேக்கை எனக்குப் பழக்கமான முட்டையில்லாத தயிர்க் கேக்கிலேயே செய்வேன். கடையில் விற்கும் சீனிக் கண்கள் வாங்கலாமா? சிலந்திக்கு வேண்டும்.

மாவும் நானும் | 13 அக்டோபர், காலை 6.05

பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். பளபளப்புக்காகப் பூசும் கன்பெக்‌ஷனர்ஸ் கிளேஸ் என்பது அரக்கு. அரக்குப் பூச்சியிலிருந்து வருவது. கார்மைன் என்ற சிவப்பும் பூச்சியிலிருந்து வருவதுதான். புழு மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். விரதக்காரர்கள் வரும் வீட்டில் இதைச் சொல்லாமல் வைப்பது தவறு. கண்ணை நீங்களே செய்துவிடலாம். ஐசிங் சீனியில் சில துளி பால் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, எண்ணெய்த்தாளில் பொட்டுப் பொட்டாக வைத்து, மேலே சாக்லேட் துளி. முதல் நாள் இரவே செய்தால் காலையில் உரித்தெடுக்கலாம்.

கீழக்கரைச் சமையல் | 13 அக்டோபர், பிற்பகல் 2.30

நான்காவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் கோபப்படாதீர்கள். அடுப்பிலேயே செய்வது, ஓவன் வேண்டாம். நோன்பு திறக்க எங்கள் வீடுகளில் கடற்பாசி காய்ச்சுவோம். கடையில் சைனா கிராஸ், அகர் அகர் என்று கேட்டால் கிடைக்கும். ஜெலட்டின் கிடையாது, அசல் பாசி.

பணியாரக் கல் இருக்கிறதா? குழிகளில் லேசாக எண்ணெய் தடவி, ஒவ்வொரு குழியின் அடியிலும் பாதியாக வெட்டிய புளூபெர்ரி ஒன்றை வெட்டுப்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். ஒரு தேக்கரண்டி கடற்பாசித் தூளை 250 மில்லி தேங்காய்ப் பாலும் தண்ணீரும் கலந்ததில் போட்டுச் சர்க்கரையோடு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, குழிகளில் ஊற்றுங்கள். அறைச் சூட்டிலேயே உறைந்துவிடும். கவிழ்த்தால் வெள்ளை விழியும் நடுவில் கருமணியுமாக உங்களையே பார்க்கும். பீட்ரூட் சாற்றில் குச்சியைத் தொட்டு மெல்லிய நரம்புகள் வரையுங்கள். சின்னவளுக்கு மட்டும் நான்காக வெட்டிக் கொடுங்கள்.

மட்டுறுத்துநர் | 13 அக்டோபர், இரவு 8.00

உலர்பனி (டிரை ஐஸ்) பற்றிச் சிலர் தனிமடலில் கேட்டிருக்கிறார்கள். அது மைனஸ் 78 டிகிரி. வெறுங்கையால் தொடக் கூடாது, குழந்தைகள் குடிக்கும் கோப்பையில் போடவே கூடாது, மூடிய அறையில் வைக்கவும் கூடாது. நிலக்கீழ் அறை விருந்துக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். உடைந்த கண்ணாடி போலச் சீனிப்பாகு ஊற்றுபவர்களும் கவனிக்கவும். அந்தப் பதத்துக்குப் பாகு 150 டிகிரிவரை காய வேண்டும். தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் தூங்கிய பிறகு காய்ச்சுங்கள்.

ஸ்கார்பரோ அம்மா | 18 அக்டோபர், இரவு 11.35

இன்று ஒத்திகை. முதல் தட்டு விரல் தோல்வி. அவசரத்தில் குளிரவைக்காமல் ஓவனில் வைத்துவிட்டேன். பரவி, தட்டையாகி, கீறல் எல்லாம் மறைந்து, கதலிப்பழம் வரிசையாகப் படுத்திருப்பது போல இருந்தது. ருசி மட்டும் அபாரம், என் கணவர் நின்றபடியே ஏழு சாப்பிட்டார். இரண்டாவது தட்டை ஒரு மணி நேரம் குளிரவைத்தேன். கீறல்கள் அப்படியே நின்றன. நகத்தடியில் ஜாம் வைத்துத் தட்டில் அடுக்கியதும் மகள் "அம்மா, இது யாருடைய கை?" என்று மெதுவான குரலில் கேட்டாள். அந்தக் குரல் போதும் எனக்கு.

பூசணி விதைக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டு பாக்கெட்டில் கொட்டை கலந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது. மூன்றாவது கடையில் கொட்டையே நுழையாத ஆலையில் செய்த பாக்கெட் கிடைத்தது.

கொண்டைக்கடலை நீர் 13ஆவது நிமிடத்தில்தான் நின்றது. ஒன்பதாவது நிமிடத்தில் கைவிட நினைத்தேன். கோவை அண்ணா, நீங்கள் 15 என்று எழுதியதை நினைத்துத் தொடர்ந்தேன்.

ஒரு கேள்வி. விளக்குக்காகக் குடையும் பெரிய பூசணியின் சதையை வீணாக்க மனமில்லை. கேக்கில் போடலாமா?

மாவும் நானும் | 19 அக்டோபர், காலை 6.10

போடாதீர்கள். அது செதுக்குவதற்கென்றே வளர்த்த வகை. நார், தண்ணீர், இனிப்பு கிடையாது. கேக் சொதசொதவென்று ஆகிவிடும். மிளகும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சூப்பாக வையுங்கள். கேக்குக்கு வேண்டுமானால் சிறிய பை (pie) பூசணி அல்லது டின் கூழ். டின் வாங்கும்போது வெறும் பூசணிக் கூழா என்று பாருங்கள். பக்கத்திலேயே இதே படத்தோடு சர்க்கரையும் மசாலாவும் கலந்த பை ஃபில்லிங் டின் இருக்கும். அவசரத்தில் அதைத் தூக்கிவந்து நான் ஒரு கேக்கையே இழந்திருக்கிறேன்.

எடிசன்வாசி | 19 அக்டோபர், காலை 9.45

பேக்கிங் பவுடரும் தயிரும் போட்டு மறுபடி செய்தேன். பளிச்சென்ற ஆரஞ்சு. மகன் மூன்று சாப்பிட்டான். ஆசிரியை அம்மாவுக்கு நன்றி.

ஸ்கார்பரோ அம்மா | 26 அக்டோபர், காலை 11.15

விருந்து முடிந்தது. உட்கார்ந்து எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது.

62 விரல்கள், 40 பேய்கள், ஒரு வலைக் கேக், 28 கண்கள். கண்கள்தான் முதலில் தீர்ந்தன. கீழக்கரை அக்கா, பணியாரக் கல்லைப் பார்த்து அத்தனை அம்மாமாரும் வியந்துபோனார்கள். பெரிய பையன்கள் கண்ணை நாக்கில் வைத்துக்கொண்டு சின்னவர்களைத் துரத்தினார்கள். பேய்களில் நான்கைந்து மட்டும் மாலைக்குள் பிசுபிசுத்தன, டின்னைத் திறந்து வைத்ததால்தான். அடுத்த முறை கேட்கும்போதுதான் எடுப்பேன். கடலையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தேங்காய்ப்பூ தூவிச் சுண்டலாக்கினேன், விரதக்காரப் பெரியவர்கள் சாப்பிட்டார்கள்.

அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மா, சீனி, பூசணி விதை, சாக்லேட், கோக்கோ, கடற்பாசி என்று நான் பயன்படுத்திய எல்லாவற்றின் வெறும் பாக்கெட்டுகளையும் கழுவித் துடைத்து, ஒரு கூடையில் போட்டு வைத்திருந்தேன். சமைப்பதற்கு முன் தட்டு, கரண்டி, பணியாரக் கல் எல்லாவற்றையும் எப்படிக் கழுவினேன் என்றும் சொன்னேன். அவளுடைய அம்மா சமையலறை மேசையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் படித்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் எதிரே பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பாக்கெட்டைக் கூடையில் போட்டுவிட்டு மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கதவருகே சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினாள். தட்டிலிருந்து நீளமான விரலாகத் தேடி எடுத்து, முதலில் நகத்தைக் கடித்தாள்.

மாவும் நானும் | 26 அக்டோபர், காலை 11.32

அந்தக் கூடை யோசனையை எடுத்துக்கொள்கிறேன். டிசம்பரில் என் வீட்டிலும் வைப்பேன்.

நெல்லைச் சீமை | 26 அக்டோபர், பிற்பகல் 12.05

தேநீர் ரொட்டி செய்தேன். பேரீச்சம்பழம் என் பேத்திக்கு வந்தது. ஸ்கார்பரோ அம்மா, அந்தக் கடற்பாசிக் கண்ணுக்குத் தேங்காய்ப் பால் எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை பங்கு?

ஸ்கார்பரோ அம்மா | 26 அக்டோபர், பிற்பகல் 12.20

சரி பாதி, ஐயா. கெட்டிப் பால் மட்டும் ஊற்றினால் எண்ணெய் மேலே பிரிந்துவிடுகிறது. புளூபெர்ரி கிடைக்காவிட்டால் நாவல்பழச் சதையில் ஒரு சிறு துண்டு வைத்துப் பாருங்கள், கருமணி இன்னும் நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.